பொட்டு வைக்க இடமில்லாத படம்

எங்கள் தில்லைகோவிந்தன் சித்தப்பா ஒன்று சொல்வார். பெண் கொடுக்கிற இடத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காதே, அவனுடைய எதையோ பார் என்பார். எதை என்பதுதான் மறந்துபோயிற்று. கையையா, செருப்பையா, எழுந்து போகிற நடையையா... ஏதோ ஒன்று. அன்றைக்கு அதைச் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் என் தங்கை மரகதத்தை ஒரு கவிஞனுக்குக் கொடுத்திருக்க மாட்டோம். நீங்களும் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சென்னையிலிருந்து குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு விருத்தாசலம் வரைக்கும் வந்திருக்க வேண்டாம்.

உட்காருங்கள் தம்பி. படம் எங்கேயும் ஓடிவிடாது. இத்தனை வருஷம் ஓடாதது, நீங்கள் காப்பி குடிக்கிற நேரத்திலா ஓடப்போகிறது? தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். போனிலேயே சொல்லிவிட்டேனே. எங்கள் மாப்பிள்ளை பூவராகனுடைய மொத்தப் படங்களையும் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைக்கிறீர்கள், இது ஒன்றுதான் குறை என்கிறீர்கள், சரி. இந்தக் கலியபெருமாளால் கலைக்கு ஒரு குறை வந்தது என்று நாளைக்கு யாரும் எழுதக் கூடாது பாருங்கள். ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள்.

வண்டியில் தார்ப்பாய் இருக்கிறதா? கயிறு? கயிறுகூட இல்லாமலா வந்தீர்கள்? நான் லாரி ஆபீஸ்காரன் தம்பி. தெய்வசிகாமணி லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் ஒரு காலத்தில் கடலூரிலிருந்து சேலம் வரைக்கும் தெரியும். இந்த ஊர்ப் பீங்கான் சாமானை ஒரு கீறல் இல்லாமல் பம்பாய்க்கு அனுப்பியவர்கள் நாங்கள். நீங்கள் என்னடாவென்றால் உலகப் புகழ் ஓவியத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். இருக்கட்டும், வைக்கோலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? அவருடைய ஆளுமையைப் பற்றியா? ஆளுமை. நல்ல வார்த்தை. எங்கள் காலத்தில் அதெல்லாம் கிடையாது. ஒருத்தனுக்கு வேலை இருக்கும், அல்லது இருக்காது. எங்கள் மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தின்போது வேலை இருந்தது. காஞ்சிபுரத்தில், நெசவாளர்களுக்குப் புடவை டிசைன் போட்டுத் தருகிற அரசாங்க ஆபீஸ். படம் வரைகிறவனுக்கு அரசாங்கம் சம்பளம் தருமா என்று எங்கள் அப்பாவுக்கு ஒரே சந்தேகம். "பார்டர் வரையறாராம்" என்றதும்தான் சரியென்றார். புடவைக்கு பார்டர் வேண்டும் என்பது அவருக்கும் தெரியுமே. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, பார்டரே இல்லாத புடவைதான் மாப்பிள்ளையின் லட்சியம் என்று. உடல் முழுக்க ஒரே சாம்பல் நிறம், முந்தானையில் ஒரே ஒரு கோணல் கோடு. மரகதத்துக்கு அப்படி ஒன்று நெய்யச் சொல்லிக் கொடுத்திருந்தான். தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏண்டி, தோய்ச்சதுல சாயம் போயிடுச்சா?"

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டான். கடற்கரையோரம் ஓவியர்களாகச் சேர்ந்து கொட்டகை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குக் குடிபோனார்கள். மரகதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தாள். அவன் வரைந்தான், வரையாத நேரத்தில் எழுதினான். எழுதினான் என்றால் கவிதை. ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தை, மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள். முற்றுப்புள்ளி கிடையாது. "ஏன் மாப்பிள்ளை, புள்ளி வைக்க மை தீந்துடுச்சா?" என்று கேட்டேன். "முடிஞ்சாத்தானே மச்சான் புள்ளி வைக்கிறது" என்றான். அவன் பேச்சு இப்படித்தான். கோபித்துக்கொள்ளவும் முடியாது, கூடச் சேர்ந்து சிரிக்கவும் முடியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் படம் புரியாது. எனக்கே புரியவில்லை, அது வேறு விஷயம்.

இந்த வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இன்றைக்கு ஷட்டர் இறக்கியிருப்பதால் நீங்கள் சந்து வழியாக வந்தீர்கள். இதோ இந்தச் சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம். அப்பாவின் மேஜை ரோட்டைப் பார்த்து. ரோட்டில் லாரி வரும், டிரைவர் வருவான், பார்ட்டி வருவான், எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். வீடு முதுகுக்குப் பின்னால். வீடு எங்கே போய்விடப்போகிறது, அதைத் திரும்பிப் பார்ப்பதற்கு? காலையில் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாரென்றால் சாப்பாடுகூட அங்கேதான். எது சொல்வதானாலும் இந்த நிலைப்படியில் நின்று சொல்வோம். அவர் திரும்ப மாட்டார். வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். ப்ரோக்ரஸ் கார்டை அதில் வைத்தால் கையெழுத்தோடு அப்படியே பின்பக்கமாக வந்துவிடும். காப்பி டம்ளர், தந்தி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அந்தக் கைக்குத்தான். சாயங்காலம் ஷட்டரை இறக்குவது என் வேலை. இறக்கிப் பூட்டி, சுற்றிக்கொண்டு நிலைப்படிக்கு வந்து, சாவியை அந்தக் கையில் வைப்பேன். வைத்ததும் விரல்கள் மூடிக்கொள்ளும். அவ்வளவு பாசமான மனுஷர். ஒரு நாள்கூடச் சாவியை வாங்காமல் விட்டதில்லை.

லாரி ஆபீஸ் வைத்திருந்தோமே தவிர, வீட்டில் ஒருத்தரும் லாரியில் ஏறக் கூடாது. அது அப்பாவின் சட்டம். "சரக்கு போவும். நாம போவக் கூடாது. ஆபீசுல ஆள் இருக்கணும்." சின்ன வயதில் ஒருதரம், நெய்வேலி வரைக்கும்தானே என்று டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பாதான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாரே, பார்த்துவிட்டார். எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எறங்கு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் என்னை நேராகப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆனால் எதிர்வெயில், கண்ணில் அடித்தது.

ஒரு கார்த்திகை மாதம் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். டிரைவர்கள்தான் முதலில் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள். பின்னாலிருந்த எங்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் தலைத்திவசம். தலைத்திவசத்துக்குப் படம் வேண்டும் இல்லையா? மாலை போட, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்க, முன்னால் இலை போட்டுப் படைக்க. அப்பாவுக்குப் போட்டோவே கிடையாது. கேமராவைப் பார்த்து அவர் உட்கார்ந்துவிட்டால் ரோட்டை யார் பார்ப்பது? மரகதத்தின் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறார், ஒரு காதும் ஒரு தோளும். மண்டப வாசலில் எவனோ டிரைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். மிச்சமிருந்தது லைசென்ஸில் ஒட்டிய தபால்தலை அளவு போட்டோ. அதிலும் பாதி முகத்தின் மேல் கவர்மெண்ட் சீல்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "ஏன், நம்ம மாப்பிள்ளை படம்தானே போடறாரு? அவரையே கேட்டா என்ன?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நாளாக நம் குடும்பத்தில் ஒரு கலை யாருக்கும் உபயோகமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு காரியத்துக்காவது ஆகட்டுமே. கேட்டேன்.

"எனக்கு மூஞ்சி வராது மச்சான்."

"ஓவியர்னு சொல்லிக்கிட்டு மூஞ்சி வராதுன்னா எப்படி மாப்பிள்ளை? டிரைவர்னு சொல்லிட்டு ரிவர்ஸ் வராதுங்கற மாதிரி இருக்கு."

சிரித்தான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். ஐப்பசி மழையோடு மழையாக மரகதத்தையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

அந்த மழைக்காலம் பூரா இங்கேதான். என்ன வரைந்தான் என்கிறீர்களா? முதலில் ஒன்றுமே வரையவில்லை. கூடத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு, காலியாகக் கிடந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை பெய்கிறது, லோடு நனைகிறது, நான் ரோட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறேன், இவன் நாற்காலியைப் பார்க்கிறான். மூன்று வேளையும் அம்மா பலகாரம் செய்து போட்டாள், அவன் கலைக்குச் சத்து வேண்டுமே. ஒருநாள் லைசென்ஸ் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தான், "இவரு யாரு?" என்றான். சொந்த மாமனாரை! சொந்த மாமனாரை யாரென்று கேட்கிறான்!

அப்புறம் விசாரணை ஆரம்பமாயிற்று. நான் என்ன நினைப்பேன்? கண் எப்படி, மூக்கு எப்படி, மீசை உண்டா என்று கேட்பான், ஒரு போலீஸ்காரர்கூட அப்படித்தான் கேட்பார். இவன் அம்மாவிடம் போய், "அத்தே, மாமாகிட்ட நீங்க எங்கே நின்னு பேசுவீங்க?" என்று கேட்டான். அம்மா இந்த நிலைப்படியைக் காட்டினாள். தனியாக மரகதத்தைக் கூப்பிட்டுக் கேட்டான், அவளும் இதையே காட்டினாள். கடைசியில் என்னிடம். நானும் இங்கேதான் நின்று காட்டினேன். ஏதோ பெரிய புதையல் கிடைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான். மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டுவதில் என்ன அதிசயம் இருக்கிறது? வேறு எங்கே போய் நிற்பது?

திவசத்துக்கு முதல் நாள் சாயங்காலம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தாயிற்று. கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஆணி அடித்து வைத்திருந்தேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? அம்மாவின் பழைய புடவையால் படத்தை மூடி எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் நாற்காலியில் வைத்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. தற்செயல்தான். எல்லாரையும் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டுப் புடவையை எடுத்தான்.

முதுகு.

முதுகு தம்பி! கைவைத்த பனியன் போட்ட முதுகு. பனியன் கழுத்துக்குக் கீழே வியர்வையில் ஒட்டிக்கொண்டு, அந்த ஈரம் பூவரச இலை மாதிரி ஒரு வடிவம். வலது தோளைவிட இடது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல. பிடரி மயிர் வெட்டிக் கொஞ்ச நாள் ஆன கணக்கில் சொரசொரவென்று. காதுக்குப் பின்னால் பென்சில் சொருகிச் சொருகி விழுந்த ஒரு பள்ளம், அதை நீலத்தில் ஒரே இழுப்பாக இழுத்திருப்பான். தலைக்கு அந்தப் பக்கம், ரோடு இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே கிடையாது. வெள்ளை. எதிர்வெயில் மாதிரி கண் கூசுகிற வெள்ளை. வலது கை மட்டும் பின்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்து. மற்றபடி நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

தில்லைகோவிந்தன் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பின்பக்கம் சரி. முன்பக்கம் எங்கேய்யா?" கேட்டதோடு விடவில்லை, உள்ளே போய்ப் படத்தைத் திருப்பியே பார்த்துவிட்டார். வெறும் துணியும் கட்டையும். "இந்தப் பக்கமும் இல்லியே!"

"நானும் அதைத்தான் மாமா தேடினேன், மழை பூரா" என்றான் எங்கள் மாப்பிள்ளை.

எங்கள் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "ஏண்டா கலியபெருமாளு, நாளைக்குப் பொட்டு எங்கடா வைக்கிறது? பொடரியிலயா?" பின்னால் யாரோ பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கைய வேற நீட்டிக்கிட்டு இருக்கான் எந்தம்பி. எவங்கிட்டயாவது கை நீட்டியிருப்பானா அவன்?"

இதற்கு நடுவில் அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். கதவோரமாக ஒதுங்கி நின்று, ரொம்பச் சின்னக் குரலில், "காப்பி கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

பொத்திக்கொண்டு சிரித்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நன்றாக இருந்தவளைப் புத்தி பேதலிக்க வைத்துவிட்டானே பாவி!

நான் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா? "எங்கப்பாவுக்கு மூஞ்சியே இல்லைங்கறீங்களா மாப்பிள்ளை?"

"இருந்திருக்கும் மச்சான். ரோட்டுக்குத்தான் தெரியும்."

"வெளையாடாதீங்க."

"வெளையாடலை. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க, இப்பவே உட்கார்ந்து போட்டுத் தரேன். மூக்கு எப்படி இருக்கும்?"

"மூக்கு... மூக்கு மாதிரிதான் இருக்கும்."

"கண்ணு?"

இது கேட்கிற கேள்வியா தம்பி? அவ்வளவு பேர் எதிரில், தகப்பனைப் பறிகொடுத்த மகனிடம்? யாருக்குத்தான் சட்டென்று சொல்ல வரும்? எங்கே, உங்கள் அப்பாவுக்கு மூக்கு எப்படி, நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். கிளிமூக்கா? பக்கத்தில் அம்மைத் தழும்பு வேறா? சரி, சரி. நீங்கள் படித்தவர்.

"இதை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றேன். இதை என்றால் படத்தை. எல்லாருக்கும் அப்படித்தான் புரிந்தது. மரகதம் மட்டும் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க" என்றாள், அவனிடம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் படையல் சாப்பாட்டுக்குக்கூட இருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நான் போகச் சொன்னது படத்தை. படம் இருந்துவிட்டது, அவர்கள் போய்விட்டார்கள். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

திவசம் நின்றுவிடவில்லை. கடைவீதி ஸ்டூடியோக்காரர் பொழுது விடிந்து இலை போடுவதற்குள் படம் கொடுத்துவிட்டார். அவர் கலைஞர்! கோட்டு, சூட்டு, டை எல்லாம் போட்ட உடம்புகளை ரெடியாக வைத்திருப்பார், நாம் தலையைக் கொண்டுபோனால் போதும். லைசென்ஸ் போட்டோவில் சீல் இல்லாத பாதியைப் பெரிசாக்கி, அதையே திருப்பிப் போட்டு மறுபாதி ஆக்கிவிட்டார். அதோ, உங்கள் தலைக்கு மேலே, மாலை போட்டு மாட்டியிருக்கிறதே, அதுதான். எவ்வளவு கம்பீரம்! பார்க்கிற பக்கமெல்லாம் நம்மையே பார்க்கும். வந்தவர்கள் எல்லாரும் "அப்படியே இருக்காரு" என்றார்கள். அத்தை நெற்றி நடுவிலேயே பொட்டு வைத்தாள். என்ன? ஆமாம், இரண்டு கன்னத்திலும் மச்சம்தான். திருப்பிப் போட்டால் மச்சமும் திரும்பத்தானே செய்யும். அதனால் என்ன குறைந்துபோயிற்று?

அப்புறம் மாப்பிள்ளை பெரிய ஆள் ஆகிவிட்டான். நாங்கள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டோம். அந்தச் சண்டையையும் வீணாக்கவில்லை, கவிதையாக்கிவிட்டான். நீங்கள் படித்திருப்பீர்கள், உங்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

அவர் திரும்பவில்லை
நாற்காலி மட்டும்
எங்கள் எல்லோரையும் பார்த்தது

இவ்வளவுதான். இதற்கு டெல்லியில் கூப்பிட்டு விருது கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி எப்படிப் பார்க்கும் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு எங்களையெல்லாம் நிற்கவைத்து அழவைத்ததற்குச் சேர்த்துத்தான் கொடுத்தார்களோ என்னவோ.

நீங்கள் கொண்டுவந்த இந்தப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? படித்துக் காட்டினீர்களே. 'இதன் பிறகு பூவராகன் மனித உருவங்களை வரையவே இல்லை. கதவுகள், நாற்காலிகள், வெற்று அறைகள் என்று அவருடைய அரூப காலம் தொடங்குகிறது.' அடேயப்பா. அப்படியென்றால் ஒரு காலத்தையே ஆரம்பித்து வைத்தவன் நான்தான். ஒரு மனுஷனை, மனுஷனை வரையவிடாமல் செய்திருக்கிறேன், சாதாரணமா? எனக்கும் ஒரு சால்வைக்கு ஏற்பாடு செய்யுங்கள் தம்பி.

அவன் சாவுக்கு நான் போகவில்லை என்று மரகதம் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்கிறேன். மாலை அனுப்பினேன். நல்ல மாலை, சம்பங்கியும் மரிக்கொழுந்தும், பெட்டியில் வைத்துக் கட்டி, நம்பிக்கையான டிரைவரிடம் கொடுத்துப் பார்சலில் அனுப்பினேன். ஆபீசில் ஆள் இருக்க வேண்டாமா? ஆபீஸ் எப்போதோ மூடியாயிற்று என்கிறீர்கள். தொழில்தான் இல்லை. ஷட்டரைக் காலையில் தூக்கி, சாயங்காலம் இறக்குகிறேன். வீட்டுக்குக் காற்று வர வேண்டுமே.

அவள் என்ன சொல்லி அனுப்பினாள்? இன்னொரு தடவை சொல்லுங்கள். "அண்ணன் குடுத்தா எடுத்துக்கிட்டு வாங்க. குடுக்கலைன்னா வற்புறுத்தாதீங்க." வேறு ஒன்றும் இல்லையா? நான் எப்படி இருக்கிறேன் என்று... இல்லை, சும்மா கேட்டேன். நுழைந்ததும் முதல் சுவரைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாளா? வேறு எதையும் மாட்டக் கூடாது என்கிறாளா? நான் கொடுக்காவிட்டால்? வெறும் சுவரே இருக்கட்டும் என்றாளா? திமிர். எங்கள் அப்பாவின் திமிர் அப்படியே அவளுக்கு. தானே நேரில் வந்து கேட்டிருக்கலாமே. எனக்குக் கால் இருக்கிற மாதிரி அவளுக்கும்...

முட்டியா? இரண்டு முட்டியுமா? எப்போதிலிருந்து? நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டுமா?

அப்படியென்றால் இனிமேல் இங்கே வர மாட்டாள்.

சரி, எழுந்திருங்கள். வெயில் ஏறுவதற்குள் லோடு ஏற்றிவிட வேண்டும். இந்தக் கதவு கொஞ்சம் இறுக்கம், தள்ள வேண்டும். தலையைப் பார்த்து.

ஆமாம், நாற்காலியில்தான் இருக்கிறது. பரணில் போட்டிருப்பேன் என்று நினைத்தீர்களா? போட்டிருப்பேன், அம்மா எடுக்க விடவில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பியை அந்த மேஜையில் கொண்டுவந்து வைப்பாள், ஆறினதும் எடுத்துப்போவாள். பைத்தியம் பிடித்தவளிடம் என்ன வாக்குவாதம் என்று விட்டுவிட்டேன். அவள் காலத்துக்குப் பிறகு எடுத்துவிடலாம் என்றிருந்தேன், எங்கே நேரம்? என் மேஜையா? அதோ, நிலைப்படி ஓரமாக இருக்கிற ஸ்டூல். தொழில் நடந்த காலம் முழுக்க அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். காற்று அங்கேதான் வரும். பார்ட்டிகள் முணுமுணுப்பார்கள், ரோட்டிலிருந்து பார்த்தால் துணியும் கட்டையும்தான் தெரிகிறது, ஆள் எங்கேயென்றே தெரியவில்லை என்று. தெரியாவிட்டால் உள்ளே வந்து பேச வேண்டியதுதானே. உள்ளே வந்தவர்கள் கொஞ்ச பேர்தான். அதனால்தான் தொழில் படுத்தது என்று என் பையன் சொல்வான், அவனுக்கென்ன தெரியும்.

பார்த்தீர்களா, தூசி இல்லை. துடைத்துவிடுவேன். வீட்டில் ஒரு சாமான் இருந்தால் துடைக்கத்தானே வேண்டும்.

என்ன குனிந்து பார்க்கிறீர்கள்? உள்ளங்கையா? ஆமாம், அந்த இடத்தில் மட்டும் வர்ணம் தேய்ந்து துணி தெரிகிறது. ஈரம் பட்டிருக்கும். ஈரமானால் ஓரம்தான் போகும், இப்படி நட்ட நடுவில் போகாது என்கிறீர்களா? நீங்கள் இந்த வேலையில் தேர்ந்தவர், உங்களுக்குத் தெரியாததா. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு வருவேன். சாவி கையில் இருக்கும். கொண்டுவந்து அங்கே ஒருதரம் வைத்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். பழக்கதோஷம். எத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். அதைப் போய் உங்கள் புத்தகத்தில் எழுதிவைக்காதீர்கள். வர்ணத்தைப் பூசிச் சரிபண்ணிவிட முடியுமா? வேண்டாமா? அப்படியேவா மாட்டுவீர்கள்? மரகதத்தைக் கேளுங்கள். அவள் பார்த்தால்... சரி, அவளையே கேளுங்கள்.

சித்தப்பா சொன்னது இப்போது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முகத்தைப் பார்க்காதே, அவனுடைய... போய்விட்டது.

ஷட்டரைத் தூக்குகிறேன், ஒரு கை கொடுங்கள். டிரைவரை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். ரிவர்ஸ் வருமில்லையா அவருக்கு? இன்னும், இன்னும், நிறுத்துங்கள். வைக்கோலை முதலில் பரப்புங்கள். படத்தைப் படுக்கப் போடக் கூடாது, நாற்காலியோடு அப்படியே தூக்கி ஏற்றுங்கள், நாற்காலியில்தான் அது ஆடாமல் இருக்கும். ரோட்டைப் பார்த்தாற்போல, டிரைவர் போகிற பக்கம் பார்த்தாற்போல வையுங்கள். அப்படித்தான். கயிற்றைத் தோளில் இறுக்காதீர்கள், கட்டையில் கட்டுங்கள். போர்வையைக் கையின் மேல் போடும்போது பார்த்து.

தார்ப்பாய் வேண்டாம், மழை வராது.

கொஞ்சம் இருங்கள், என் ஸ்டூலை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுகிறேன். ஆயிற்று. சாவி... இந்தச் சாவியை... சரி, பையிலேயே இருக்கட்டும்.

முன்னால் நீங்களும் டிரைவரும் உட்காருங்கள் தம்பி. அந்த ஸ்டூலை எடுத்து மேலே கொடுங்கள். நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.